சலங்கை பஸ்ஸும் சீதனக் குடமும்

டங்... டங்... டங்...

உள்ளறையிலிருந்து செம்பை அடிக்கும் சத்தம் விடாமல் வந்துகொண்டிருந்தது. முன்கூடத்துக் கதிரையில் காத்திருந்த பெரிய வயல்காரர் வினாயகமூர்த்திப் போடியாருக்குப் பொறுமை போய்விட்டது. அவருடைய பஸ் எஞ்சின் திறந்தபடி வாசலில் நின்றது. விடிந்தால் மண்டூர்த் திருவிழா.

"என்ன சரீபு, கழட்டின எஞ்சினப் பூட்டச் சொன்னா நீ குடம் தட்டுறாய்! தொழில மாத்திற்றியா?"

சத்தம் நின்றது. காத்தான்குடியில் வீட்டோடு சொந்தமாகக் கராஜ் வைத்திருந்த சரீப், வியர்வை வழிய வெளியே வந்தான். கையில், பிஸ்டன்களுக்கு மேல் உட்காரும் எஞ்சின் மூடியின் வடிவத்துக்கு வெட்டித் துளையிட்ட இரண்டு செப்புத் தகடுகள்.

"தட்டினது இதுக்குத்தான் போடியார். இந்த ரெண்டையும் மூடிக்குக் கீழ வெச்சுத்தான் பூட்டுவன்."

போன வருஷம், 1937இல், போடியார் அந்த மூடியைக் கொழும்புக்கு அனுப்பி அடிப்பக்கத்தைச் சீவி எடுப்பித்திருந்தார். எஞ்சினுக்கு வேகம் வந்தது. கூடவே ஒரு சத்தமும் வந்தது. பாரம் ஏற்றி இழுக்கும்போதெல்லாம் உள்ளே கிணிகிணி என்று ஒலித்தது. வழியெல்லாம் சனங்கள் அதைச் சலங்கை பஸ் என்று கொண்டாடினார்கள். அந்த ஒலி கேட்டதும் பெண்கள் மூட்டையோடு தெருவுக்கு ஓடிவந்தார்கள். எஞ்சின் தன் நெஞ்சில் தானே அடித்துக்கொள்ளும் சத்தம் அது என்பதைச் சரீப் ஒருவனே அறிந்திருந்தான்.

"மருந்தளக்கிற கிளாஸால எண்ணெய் ஊத்தி அளந்து பாத்தன் போடியார். பிஸ்டன் கீழ நிக்கக்குள்ள இருபத்தெட்டு அவுன்ஸ் கொள்ளுது. மேல வந்தா நாலுதான். ஏழில ஒண்டா நெருக்குது."

"நெருக்கினா நல்லந்தானே? இழுவை கூடும்."

"எங்கட பம்பில அடிக்கிற பெற்றோல் ஆறுக்கு மேல தாங்காது. பொறி போய்ச் சேர முந்தியே மூலையில கிடக்கிறது தானா வெடிக்கும். ஒரு நாளைக்குப் பிஸ்டன் ஓட்டையாகும். இந்தத் தகடு வெச்சா மேல நாலு அவுன்ஸ் இடம் அஞ்சாகும். கணக்கு ஆறுக்குக் கீழ இறங்கும்."

"சலங்கை?"

"நிண்டுபோகும்."

போடியார் எழுந்தே விட்டார். "சத்தம் போனா ஆர்ர பஸ்ஸெண்டு சனத்துக்கு எப்பிடித் தெரியும்? தகடு வேணாம். சும்மா பூட்டு. ஏலாதெண்டா ஏறாவூரில ஆள் இருக்கு."

சும்மா பூட்டு!

ஆறு வருஷத்துக்கு முன் இன்னொருவருடைய கராஜில் கூலிக்கு நின்றபோதும் சரீப் இதே சொல்லைக் கேட்டான். மூடி சீவிய ஒரு லொறி. சொன்னபடி பூட்டினான். இரண்டு மாதம் கழித்து, பிரசவ வேதனையில் துடித்த அவன் மனைவி கைறுன்னிஸாவை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனதும் அதே லொறிதான். கல்லடிப் பாலத்துக்கு இப்பால் பிஸ்டன் ஓட்டையாகி அது நின்றது. நடுவெயிலில், தெருவோரத்தில், இரண்டு மணி நேரம். டாக்டரால் தாயை மட்டுமே காப்பாற்ற முடிந்தது. அன்றிலிருந்து சரீப் தன் கைகளைப் பார்த்த பார்வையை ஆண்டவன் அறிவான், கைறுன்னிஸாவும் அறிவாள்.

அவன் நட்டு முறுக்கும் சாவியை எடுத்துப் போடியார் முன்னால் வைத்தான்.

"நீங்களே பூட்டுங்க. ஏறாவூருக்கும் கொண்டு போங்க. எனக்கு இனி ஒங்கட வேலை கிடைக்காமப் போனாலும் சரி. தகடில்லாம என்ட கையால ஒரு நட்டும் முறுக்க மாட்டன்."

"பெரிய தகடு!" என்று அதைப் பிடுங்கி வீச ஓங்கிய போடியாரின் கை அப்படியே நின்றது. தகட்டின் ஓரத்தில் புள்ளி புள்ளியாகக் குத்திய எழுத்துகள். கை... று...

பெண்பிள்ளைக்குக் கொடுக்கும் சீதனப் பாத்திரத்தில்தான் அப்படிப் பேர் குத்துவார்கள்.

"இது ஆர்ர குடம்?"

"என்டதான் போடியார்." கதவுக்குப் பின்னாலிருந்து கைறுன்னிஸாவின் குரல் வந்தது. "தடிச்ச செம்பு எங்கயும் கிடைக்கல்ல. நாந்தான் வெட்டுங்கண்டு குடுத்தன். தண்ணி மண்குடத்திலயும் அள்ளலாம். நாளைக்கு ஒங்கட பஸ்ஸில எத்தின புள்ளத்தாச்சி ஏறுவாளோ!"

போடியாருக்கு அந்த லொறிக் கதை தெரியும். ஊருக்கே தெரியும். தகட்டை இரு கைகளாலும் சரீபிடம் நீட்டினார். "பூட்டு மனே," என்றார்.

பின்னேர அஸர் தொழுகைக்கு முன் வேலை முடிந்தது. பத்து மூட்டை நெல்லை ஏற்றி ஓட்டிப் பார்த்தார்கள். சலங்கை ஒலிக்கவில்லை.

"பூனை மாதிரிப் போகுது," என்று போடியார் தலையைச் சொறிந்தார். "சனம் எப்பிடி வருமோ?"

"மாட்டு மணி ஒண்டு வாங்கிக் கட்டுங்க!" என்றது கதவுக்குப் பின்னாலிருந்த குரல்.

வந்ததிலிருந்து முதல் தடவையாகப் போடியார் சிரித்தார். குடையை எடுத்துக்கொண்டு, "வாறன் சரீபு, வாறன் புள்ள" என்று பஸ்ஸில் ஏறினார்.

பஸ் தெருமுனை திரும்பும்வரை சரீப் காது கொடுத்து நின்றான். ஒரு கிணுகிணுப்பும் இல்லை. பிறகு உள்ளே வந்து கதவைச் சாத்தினான்.