உறைபனியில் பதிந்த கால்

போன சனிக்கிழமை காலை, ஒரு கையில் தேநீர்க் கோப்பையும் மறு கையில் பழைய கிரிக்கெட் மட்டையுமாக எங்கள் வீட்டுப் பின்வளவில் நின்றேன்.

லண்டன் ஓரத்தில் இருக்கும் இந்தச் சட்டன் ஊர்க்காரர்கள் மரியாதைக்காரர்கள். ஒருவர்கூட எட்டிப் பார்த்து என்ன விஷயம் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரே சொல்லில் சொல்லியிருப்பேன்... கள்ளன்.

முதலில் கண்டவள் என் மனைவி ஜெயந்தி. தேநீர் போடக் குசினிக்குப் போய் ஜன்னல் திரையை விலக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். பச்சைப் புல்தரையின் நடுவே, காய்ந்த வைக்கோல் நிறத்தில், காலடிகள். பின்வேலி மூலையிலிருந்து குசினிக் கதவு வரை ஒரு வரிசை. அங்கிருந்து திரும்பவும் வேலி மூலைக்கு இன்னொரு வரிசை. பெரிய கால். சப்பாத்துப் போட்ட ஆம்பிளைக் கால்.

முதல் நாள் அவை இருந்தனவா? யாருக்குத் தெரியும்? அந்த வாரம் முழுக்க மழை மூட்டம். குளிருக்குப் பயந்து திரையைத் திறக்கவே இல்லை.

இந்தப் புல்தரையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாங்கள் ஊரில் முற்றத்துப் புல்லைக் கண்டால் பிடுங்கி எறிகிற ஆட்கள். வளவில் புல் நின்றால் அந்த வீட்டில் ஆள் இல்லை என்று அர்த்தம். அப்படிப்பட்ட நான், பல வருடம் ஃபிளாட்டில் அடைபட்டுக் கிடந்துவிட்டுப் போன கோடையில் இந்த வீட்டுக்கு வந்ததும், புல் வளர்க்கக் கிளம்பினேன். செப்டம்பரில் பாசியை வாரி எடுத்தேன். முள்ளுக் கரண்டி போன்ற பெரிய ஃபோர்க்கால் தரை முழுக்கக் குத்தித் துளை போட்டேன். தண்ணீர் தேங்கினால் குளிர்காலத்தில் வேர் அழுகிவிடுமாம். விதை தூவிவிட்டுப் புறாக்களோடு மல்லுக்கட்டினேன். கடைசி வெட்டில் புல்லைக் கொஞ்சம் நீளமாகவே விட்டேன். டிசம்பரில் அது பச்சைப் பசேலென்று நின்றபோது எனக்கு வந்த பெருமை இருக்கிறதே... அதைப் படம் பிடித்துச் சொந்தக்காரர் எல்லோருக்கும் அனுப்பியவன் நான்.

அந்தப் புல்லின் மேல்தான் ஒருவன் நடந்து போயிருக்கிறான்.

பொலிஸுக்குச் சொல்லலாமா? என்ன தொலைந்தது என்று கேட்பார்கள். புல் என்று சொல்வதா?

லண்டனின் மறுகோடியில், பார்க்கிங் என்ற ஊரில் இருக்கும் ஜெயந்தியின் அண்ணையைக் கூப்பிட்டோம். மச்சான் ஜெர்மனியில் பல வருடம் கட்டட வேலை செய்துவிட்டு இங்கே வந்தவர். பூட்டு, கமரா, கதவு எல்லாம் அவருக்கு அத்துப்படி. வந்தவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து பார்த்தார். பின்வேலி மூலைக்குப் போனார். அங்கே புல் வட்டமாக மிதிபட்டுக் கருகிக் கிடந்தது.

"இதிலதான் நிண்டிருக்கிறான். கன நேரம் நிண்டு நோட்டம் பாத்திருக்கிறான்" என்றார்.

உண்மையைச் சொல்கிறேன், அந்த வட்டத்தைக் கண்ட பிறகுதான் நான் முழுதாகப் பயந்தேன். நடந்து போகிறவனைவிட நின்று பார்க்கிறவன் மோசமானவன் இல்லையா?

எங்கள் வீடுகளில் தாலிக்கொடியும் காப்பும் இருக்கும் என்பது லண்டன் கள்ளர்களுக்கும் தெரியும். கோயிலுக்குப் போனால் ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள். மச்சான் அன்றைக்கே குசினிக் கதவுக்கு இரண்டாவது பூட்டுப் போட்டார். போகும்போது, புல்லை வழித்தெறிந்துவிட்டுத் தன் வீட்டைப்போல சிமெந்துச் சிலாப் கல் பதிக்கச் சொன்னார். கல்லில் அடி பதியாதாம். நிம்மதியாக இருக்கலாமாம். கள்ளன் வருவது தெரியாமல் இருப்பதா நிம்மதி?

அடுத்த நாட்கள் எப்படிப் போயின என்று கேட்காதீர்கள். நான் விடியக் காலமே ஷிப்டுக்குப் போய்விடுவேன். ஜெயந்தி தனியாக இருப்பாள். வீட்டில் ஆள் நடமாட்டம் இருக்கிறது என்று காட்ட ரேடியோவைச் சத்தமாகப் போட்டுவிடுவாள். பிறகு சத்தத்தில் காலடி கேட்காதே என்று நிறுத்திவிடுவாள். வேலையில் போன் அதிர்ந்தாலே போட்டது போட்டபடி ஓடுவேன். எடுத்தால், "ஒண்டுமில்லை, சும்மாதான்" என்பாள்.

செவ்வாய்க்கிழமை சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள்:

"இந்த வீட்டில என்னால இருக்க ஏலாது. வேறை இடம் பாப்பம்."

வேலி போட்ட சொந்த வீட்டைக் கனவு கண்டு வந்தவள் அவள். நான் கோபப்பட்டிருக்கலாம். ஆனால் எனக்கு அவளைத் தெரியும். ஜெயந்திக்கு முற்றம் பார்த்துப் பயப்படத் தெரியும். சண்டைக் காலத்தில் அவர்கள் வீட்டு முற்றத்து மணலைப் பொழுதுபடும் நேரம் கூட்டி விடுவார்களாம். அழகுக்காக இல்லை. விடிந்ததும் பார்த்தால் இரவு யார் வந்து போனார்கள் என்று தெரியவேண்டும். வெறுங்காலா, செருப்பா, சப்பாத்தா? சப்பாத்து என்றால் இராணுவம்; அன்றைக்கு அண்ணை வீட்டில் நிற்க மாட்டார். அந்த மணலை முதலில் எட்டிப் பார்க்கிற வேலை வீட்டில் சின்னவளான இவளுக்கு.

இத்தனை வருடம் கழித்து, இவ்வளவு தூரம் வந்து, திரையை விலக்கினால் மறுபடியும் சப்பாத்து!

புதன்கிழமை பின்னேரம் பக்கத்து வீட்டு மார்கரெட் வேலிக்கு மேலால் தலையை நீட்டினார். நல்ல மனுஷி. என் புல்லைப் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டு, உறைபனி மேல் யாரை நடக்கவிட்டீர்கள் என்று கேட்டார். எனக்கு விளங்கவில்லை. அவர் விளக்கினார். பனியில் உறைந்த புல் கண்ணாடிபோல இருக்குமாம். அதன் மேல் கால் வைத்தால் உள்ளே நொறுங்கிவிடுமாம். அப்போது ஒன்றும் தெரியாது. பனி கரைந்து, பல நாள் போன பிறகுதான் மிதித்த இடம் மட்டும் செத்துக் காய்ந்து அடி அடியாகத் தெரியுமாம்.

அப்படியென்றால் இது போன வெள்ளி இரவு வந்தவனின் கால் இல்லை. அதற்கும் முன்னால், தரை இறுகிக் கிடந்த ஒரு நாளில் வந்திருக்கிறான்.

உள்ளே போய்ச் சொன்னேன். ஜெயந்தி விரல் விட்டு நாட்களை எண்ணினாள். இந்த மாதம் தரை அப்படி வெள்ளையாக உறைந்து கிடந்தது தைப்பொங்கல் அன்றுதான். அன்றைக்கு எனக்குக் காலை ஷிப்ட்.

"அப்ப அவன் வரேக்க நான் வீட்டிலதான் நிண்டனான்" என்றாள். கதிரையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "நான் தனிய நிண்டனான்..."

அவளைத் தேற்ற வேண்டுமே என்று அன்றைக்கு என்னென்ன நடந்தது என ஒவ்வொன்றாகக் கேட்டேன். அடுப்பில் பொங்கினாளாம். பொங்கி வழிந்ததும் புகை அலாரம் கத்தியதாம். துவாயால் வீசி அதை அடக்கினாளாம். பிறகு வாழையிலையில் படைத்தாளாம்.

"எங்க வைச்சுப் படைச்சனீர்?"

"சூரியனுக்குத்தான். இஞ்சை எங்கை தெரியுது? அந்த மூலையில நிண்டாத்தான் ரெண்டு கூரைக்கும் இடையில கொஞ்சம் தெரியும்."

சொல்லிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

இருவரும் ஜன்னலைப் பார்த்தோம். வீட்டிலிருந்து மூலைக்கு ஒரு வரிசை. மூலையிலிருந்து வீட்டுக்கு ஒரு வரிசை. மூலையில் அந்த வட்டம். சூரியனைக் கும்பிட்டால் நின்ற இடத்திலேயே மூன்று முறை தன்னைச் சுற்றிக்கொள்வது எங்கள் வழக்கம். எந்தக் கள்ளன் ஐயா நின்ற இடத்தில் நின்று சுற்றுவான்?

"ஆனா அது பெரிய கால்" என்றாள் மெல்ல. பிறகு, அதைவிட மெல்ல, "ஈரமெண்டு உங்கட சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு போனனான்" என்றாள்.

சப்பாத்தை எடுத்துப்போய்க் காலடித் தடத்தில் வைத்துப் பார்த்தேன். அச்சு அசலாகப் பொருந்தியது. மச்சானுக்குப் போன் போட்டேன். அவர் முழுக் கதையையும் கேட்டார். எதற்கும் சிலாப் கல் நல்லது என்றார்.

ஜெயந்தி சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு முடிய நேரமானது, முடிந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் அது சிரிப்புக் கண்ணீர் என்றே வைத்துக்கொண்டேன். வீடு மாறுகிற பேச்சை அவள் பிறகு எடுக்கவில்லை.

காய்ந்த புல்லை இப்போது தொட வேண்டாம் என்கிறார் மார்கரெட். மண் சூடானதும் வாரிவிட்டுக் கொஞ்சம் விதை தூவினால் ஏப்ரலில் அடையாளமே இருக்காதாம். அதுவரை உறைபனி நாளில் யாரும் இறங்கக் கூடாது, அடுத்த பொங்கலுக்கு ஒரு பலகை போட்டுக்கொண்டு நடக்கலாம் என்று நான் சட்டம் போட்டிருக்கிறேன். ஜெயந்தி தலையாட்டினாள்.

நேற்று, இனி எதற்கு என்று, அந்த இரண்டாவது பூட்டைக் கழற்ற ஸ்க்ரூடிரைவரோடு போனேன். அவள் கதவில் கை வைத்தாள்.

"புல்லு வளரட்டும். பூட்டு கிடக்கட்டும்."