புஷ் ராடு பயில்வான்

ஒரு கம்பி சுற்றுகிறதா என்று கேட்டால், அதைச் சுற்ற வைத்துக் காட்டு என்று அர்த்தம் பண்ணிக்கொண்டவன் நான். ஒன்பது வயதில் எனக்கு இருந்த மூளைக்கு அவ்வளவுதான் எட்டியது. இன்றைக்கும் அது பெரிதாக வளர்ந்துவிடவில்லை என்றுதான் வீட்டில் சொல்கிறார்கள்.

அந்தக் கம்பிகள் சித்தப்பாவின் மோட்டார் சைக்கிளில் இருந்தவை. சித்தப்பா திருவள்ளூர் கோர்ட்டில் குமாஸ்தா. சோழவரத்தில் நடக்கும் மோட்டார் ரேஸை வருஷா வருஷம் பார்த்துப் பார்த்து, ஒரு நாள் மனசு கேட்காமல், யாரோ ஓட்டி ஓய்ந்துபோன வண்டி ஒன்றை வாங்கிக்கொண்டு எங்கள் ஊர் செவ்வாப்பேட்டைக்கு வந்து சேர்ந்தார். அது ரோட்டில் ஓடிய நேரத்தைவிட எங்கள் வாசலில் பிரிந்து கிடந்த நேரம்தான் அதிகம்.

இன்ஜினுக்குப் பக்கவாட்டில் ஒரு சின்ன மூடி. அதைக் கழற்றினால் உள்ளே இரண்டு கம்பிகள் நிற்கும். புஷ் ராடு என்பார்கள். எழும்பித் தாழ்ந்து மேலே இருக்கும் வால்வுகளைத் திறந்துவிடுவது அவற்றின் வேலை. நீளத்தைக் கூட்டிக் குறைக்க அடியில் திருகு உண்டு. நீளம் குறைந்தால் இன்ஜின் டிக் டிக்கென்று அடித்துக்கொள்ளும். கூடினால் வால்வு முழுசாக மூடாது. சரியா என்று பார்க்க விரல்தான் அளவு. ராடு ஆடக் கூடாது, ஆனால் சுற்ற வேண்டும்.

சித்தப்பாவின் விரல்கள் மொந்தன் பழம் மாதிரி. அந்த ஓட்டைக்குள் நுழையாது. அதனால் என் விரல்கள் வேலைக்கு எடுக்கப்பட்டன.

சித்தப்பாவுக்கு அந்த டிக் டிக் சத்தம் ஆகாது. அது அடங்கும்வரை திருகை ஏற்றுவார். ஏற்றிவிட்டு, “சுத்துதாடா?” என்பார். நான் மூச்சைப் பிடித்து, பல்லைக் கடித்து, கண்ணில் தண்ணீர் வரத் திருப்பிவிட்டு, “சுத்துது சித்தப்பா!” என்பேன். எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு பெருமை எனக்கு. வகுப்பில் பையன்களைக் கூட்டி வைத்துக்கொண்டு, விரலில் ஏறிய சிவப்பைக் காட்டியிருக்கிறேன்.

அந்தச் சமயத்தில் சித்தப்பாவுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போன இடமெல்லாம் டிபனைக் கொடுத்துவிட்டு, “பையன் கொஞ்சம் கனமா கீறாரு” என்று பிறகு ஆள் மூலமாகச் சொல்லியனுப்பினார்கள். நைனாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, வெறுத்துப்போனது. சோழவரம் ஏரிக்கு அந்தப் பக்கம் நெல் விவசாயம் செய்யும் ஒரு வீட்டிலிருந்து ஜாதகம் வந்தபோது, கறாராகச் சொல்லிவிட்டார்: “இதான் கடைசி. இதுவும் இல்லன்னா இனிமே என்னைக் கூப்புடாத. உன் வண்டியவே கட்டிக்கோ.”

நைனாவும் அம்மாவும் பஸ்ஸில் முன்னால் போனார்கள். சித்தப்பாவுக்கு, தன் வண்டியில்தான் வருவேன் என்று ஒரே பிடிவாதம். “வண்டி மேல ஒக்காந்தா கனம் தெரியாதுடா” என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னார். காலையில் கடைசியாக ஒரு தரம் ராடுகளைச் சரிபார்த்தோம். ஒன்று அசையவே மாட்டேன் என்றது. விடுவேனா? சட்டை நுனியைச் சுற்றிப் பிடித்துத் திருகி, “சுத்துது!” என்று அறிவித்தேன்.

பின் சீட்டில் நான். செங்குன்றம் தாண்டும்வரை ராஜபவனிதான். இன்ஜின் சூடேற ஏற இருமத் தொடங்கியது. பெண் வீட்டு வாசலுக்குப் பத்தடி இருக்கும்போது பட்டாசு மாதிரி ஒரு வெடி. கோழிகள் கூரைமேல் ஏறின. கன்றுக்குட்டி ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. வண்டி நின்றது. சித்தப்பா உதைத்தார், உதைத்தார், உதைத்துக்கொண்டே இருந்தார். காற்றுப் போன பந்தை உதைத்த மாதிரி கிக்கர் தொளதொளவென்று இறங்கியது.

தெருவே கூடிவிட்டது. பெண்ணின் அப்பா நைனா பக்கம் சாய்ந்து, “பையன் கொஞ்சம் கனம்...” என்று ஆரம்பித்தார். நைனா ஆகாயத்தைப் பார்த்தார்.

அப்போது பட்டுப்புடவையும் தலை நிறையப் பூவுமாக, பெண்ணே வாசலுக்கு வந்துவிட்டது.

“ஒதைச்சிக்கினே இருந்தா வராது. ராடு இறுகிக்கினு கீது.”

“ஏய், உள்ள போ! இன்னா பழக்கம் இது?” என்றார் அவள் அப்பா.

“நம்ம கெணத்து இன்ஜின யாரு பாத்துக்கறா? நீயா, நானா?”

அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு வண்டிப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சித்தப்பா மூடியைக் கழற்றினார். வளையல் போட்ட ஒல்லிக் கை சுலபமாக உள்ளே போனது.

“சுத்தலியே.”

என் மானம் போகிற விஷயம். “சுத்தும்! இப்பிடிப் பல்லக் கடிச்சிக்கினு திருப்பணும்” என்று செய்து காட்டினேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு சித்தப்பாவைப் பார்த்தாள். “இவருதான் உங்க மெக்கானிக்கா?”

“அடப்பாவி, இத்தினி நாளா பல்லக் கடிச்சிக்கினா சுத்துன?” என்றார் சித்தப்பா. அவர் குரல் அழுகைக்குப் பக்கத்தில் இருந்தது.

அவள் சிரித்தாள். “தொட்டாலே சுத்தணும், கையில வளையல் சுத்தற மாதிரி. சூட்டுல திருகுனா அளவு தப்பிப்பூடும். ஆறட்டும்.”

பெரியவர்கள் உள்ளே போய் உட்கார்ந்தார்கள். வண்டிக்கு இந்தப் பக்கம் சித்தப்பா, அந்தப் பக்கம் பெண், நடுவில் நான். பெண் பார்க்க வந்த இடத்தில் இப்படி எதிரும் புதிருமாக உட்கார யார் விடுவார்கள்? ஆனால் இன்ஜின் சூடாக இருக்கிறதே, யார் என்ன சொல்ல முடியும்? கோர்ட்டில் என்ன வேலை என்று அவள் கேட்டாள். சித்தப்பா சொன்னார். அதில் சிரிக்க ஒன்றும் இல்லை. இரண்டு பேரும் சிரித்தார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. செய்த தப்புக்குப் பரிகாரமாக ஒரு குடம் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தேன், இன்ஜின் தலையில் ஊற்ற. “வெடிச்சிப்பூடும்டா! பேசாம ஒக்காரு!” என்று சித்தப்பா பாய்ந்தார். உட்கார்ந்தேன். தென்னை நிழல் வண்டியைத் தாண்டி வேலிப்பக்கம் போய்விட்டது. உள்ளேயிருந்து நைனா குரல் கொடுத்தார்: “இன்னும் ஆறலியா? இங்க பஜ்ஜி ஆறிப்போச்சி!”

நான் இன்ஜின் மேல் கையை வைத்துப் பார்த்தேன். கன்னத்தையும் வைத்துப் பார்த்தேன்.

“சித்தப்பா, எப்பவோ ஆறிப்போச்சி! பானைத் தண்ணி மாதிரி சில்லுனு கீது!”

சித்தப்பா ஸ்பேனரைத் தேடினார். அது அவர் மடியிலேயே இருந்தது. அவர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். எனக்கு நம்பிக்கை வந்தது. இன்ஜின் தெரிந்தவள், பொய் சொல்ல மாட்டாள், இந்த ஒரு விஷயத்திலாவது என் பக்கம் பேசுவாள். அவள் உள்ளங்கையை இன்ஜின் மேல் பதித்து, எடுக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பாமலேயே சொன்னாள்:

“இன்னும் சூடாத்தான் கீது.”