நிரம்பியே திரும்பி வந்த போத்தல்

எங்கள் சமையலறை நாள்காட்டியில் காலிக் கட்டம் இருக்காது. மழை எத்தனை மணிக்குப் பெய்தது, எரிவாயு தோம்பு எந்தக் கிழமை மாற்றினோம் என்று ஏதாவது எழுதி வைப்பேன். பாடாங் செராய்க்கு அருகே ஒரு செம்பனைத் தோட்ட அலுவலகத்தில் நான் கிராணி. யார் எந்த நாள் வேலைக்கு வந்தார்கள் என்று எழுதுவதே என் பிழைப்பு. வீட்டிலும் அந்தக் கை சும்மா இருப்பதில்லை.

சென்ற ஆண்டு தைப்பூசம் கழிந்த வாரத்திலிருந்து அந்தக் கட்டங்களில் சிவப்பு வட்டங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் என் மனைவியின் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்த நாள். சுங்கைப் பட்டாணிப் பக்கம் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் காலை ஏழிலிருந்து மாலை ஏழு வரை நின்றபடியே வேலை. சூட்டு அச்சுகளிலிருந்து வரும் கையுறைகளில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வீட்டுக்கு வரும் வேனில் கால் கல்லாக இறுகிவிடும்.

கிடைத்ததையெல்லாம் படித்தேன். இதற்கு இதுதான் ஒரே காரணம் என்று எவரும் அறுதியிட்டுச் சொல்லவில்லை. கிளினிக்கில் இரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், குறை ஒன்றும் தெரியவில்லை என்றார். நீண்ட நேரம் நிற்பது, வெக்கை, வியர்வை, போதாத தண்ணீர் எல்லாம் சேர்ந்து இப்படிச் செய்யலாம். தண்ணீர் குடிக்கட்டும், தினமும் கெண்டைக்காலை நீட்டி இழுத்துவிடட்டும், கால் வீங்கினாலோ சிவந்தாலோ உடனே கூட்டி வாருங்கள் என்றார். என் வட்டங்களும் அதையே சொல்வதாக எடுத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றுகூட இல்லை. தீபாவளி விடுமுறை முழுவதும் இல்லை.

அன்றிலிருந்து நான் உபதேசியானேன். காலையில் ஒன்றரை லிட்டர் போத்தலை நானே நிரப்பி அவள் பையில் வைப்பேன். மாலையில் கேட்பேன்.

"குடிச்சியா?"

"குடிச்சேன்."

"அப்புறம் ஏன் இழுக்குது? சுவத்துல கைய ஊனி நீட்டுனியா?"

"நீட்டுனேன்லா. சும்மா இருங்க."

ஓராண்டுக்கு மேல் இதே பேச்சு. அவளுக்கு அக்கறை போதவில்லை என்று நான் மனதுக்குள் தீர்ப்பும் எழுதி வைத்திருந்தேன்.

புரட்டாசி இரண்டாம் சனிக்கு முந்தைய வியாழன். வேன் நிற்கும் ரொட்டி சானாய் கடை முன் அன்று வழக்கத்துக்கு மாறாக அவளுக்காகக் காத்திருந்தேன். கடை விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. இறங்க ஒரு காலை வைத்தவள், மறு காலை வைக்க முடியாமல் வேன் கதவைப் பிடித்துக்கொண்டு முகம் வெளுத்து நின்றாள். அவளோடு வேலை செய்யும், எங்கள் அடுத்த வரிசை வீட்டுப் பெண் பின்னாலிருந்து தாங்கினாள். தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த கடைக்காரர் நாற்காலியைத் தூக்கி வந்தார்.

"உக்காருங்க அக்கா. தே தாரிக் குடிச்சா நரம்பு எளகிரும்."

"உங்க கடையில எதுக்குத்தான் தே தாரிக் மருந்து இல்ல பாய்" என்றாள் அந்தப் பெண்.

நான் கீழே உட்கார்ந்து மனைவியின் முட்டியை நேராக்கி, கால்விரல்களை முழங்காலை நோக்கி மெல்ல இழுத்துப் பிடித்தேன். தோலுக்கடியில் முடிச்சு துடித்தது. கடைக்காரர் வெந்நீரில் நனைத்த துண்டைக் கொடுத்தார். கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கம் விட்டது. அவள் மூச்சு விட்டுச் சாய்ந்தபோது மடியிலிருந்த பை சரிந்து போத்தல் உருண்டது. நான் காலையில் நிரப்பிய மட்டத்திலேயே தண்ணீர் இருந்தது. மூடியில் முத்திரை வளையம் மட்டும் இருந்திருந்தால் கடையில் வாங்கிய புதுப் போத்தல் என்றே சொல்லலாம். அத்தனை நிறைவாக இருந்தது.

"ஒரு வாய்கூட குடிக்கலையா?" என் குரல் உயர்ந்தது. அவள் துண்டைக் காலில் அழுத்திக்கொண்டாள். அந்தப் பெண்தான் பேசினாள்.

"குடிச்சா எங்க அண்ணே போறது? எங்க லைன்ல முப்பத்தொரு பேரு. தோய்லட்டுக்கு ஒரே காட். சூப்பர்வைசர் மேசையில தொங்கும், அத எடுத்துக்கிட்டுத்தான் போகணும். போறப்ப ஒரு டைம், வர்றப்ப ஒரு டைம் எழுதணும். ஏழு நிமிஷம் தாண்டுனா சாயங்காலம் பேர வாசிப்பாங்க. தோய்லட் அந்தக் கடைசியில, நடக்கவே மூணு நிமிஷம். காலையில கோப்பியே நாங்க பாதிதான் குடிக்கிறது."

"இவ தெனமும் அந்தத் தண்ணிய வாசல்ல கொட்டிட்டுத்தானே வீட்டுக்குள்ள வர்றா" என்றும் சொன்னாள்.

கோபம் முதலில் என் மீதுதான் வந்தது. ஓராண்டு வட்டம் போட்டேனே தவிர, போத்தல் எப்படிக் காலியாகிறது என்று ஒருநாள்கூடப் பார்க்கவில்லை. அவள் சொன்ன பொய், என் உபதேசத்திலிருந்து தப்பிக்கச் சொன்னது. பிறகு கோபம் சேர வேண்டிய இடத்துக்குப் போனது. ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய அவள் அம்மாவுக்குக்கூட இதற்கு ஓர் அட்டை தேவைப்படவில்லை. வளர்ந்த பெண்கள் முப்பத்தொரு பேரின் சிறுநீரை நிமிடக் கணக்கில் எழுதி வைக்கும் நோட்டு ஒன்று இந்த மாநிலத்தில் இருக்கிறது. அதுவும் என்னைப்போல ஒரு கிராணி கோடு போட்டுக் கொடுத்ததாகத்தான் இருக்கும்.

அன்றே தொழிலாளர் இலாகாவுக்கு மலாய் மொழியில் கடிதம் எழுதினேன். வட்டமிட்ட நாள்கள் அனைத்தையும் இணைத்தேன். மனைவி வாசித்துவிட்டு மடித்து என் கையிலேயே கொடுத்தாள்.

"இது போனா டிசம்பர்ல என் கொந்த்ராக்கப் புதுப்பிக்க மாட்டாங்க. தெரியும்ல?"

"லைன்ல நிக்கிறப்பவே இழுத்தா என்ன பண்ணுவ?"

"போன வாரம் இழுத்துச்சு. கம்பியப் புடிச்சிக்கிட்டேன்."

கம்பிக்கு அந்தப் பக்கம்தான் சூட்டு அச்சுகள் ஓடுகின்றன. அதை அவள் சாதாரணமாகச் சொன்னாள்; எனக்குக் கடிதத்தை அப்போதே தபாலில் போட்டுவிடத் தோன்றியது. ஆனால் வேலை அவளுடையது. கடிதத்தை அலமாரியில் வைத்தேன்.

அடுத்த புதன்கிழமை நடந்ததை அவளே சொன்னாள். சமையலறைச் சுவரில் இரு கைகளையும் ஊன்றி, ஒரு காலைப் பின்னால் வைத்துக் குதிகாலைத் தரையில் அழுத்தியபடி சொன்னாள். தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டு, காலை ஒன்பது மணிக்கே பெண்கள் அவரவர் போத்தலைக் குடித்து முடித்திருக்கிறார்கள். பத்தரைக்குப் பதினெட்டுப் பேர் சூப்பர்வைசர் மேசை முன் நின்றிருக்கிறார்கள்.

"'என்ன அக்கா, எல்லாருக்கும் ஒரே நேரத்துலயா?'ன்னான். 'ஒரு காட்தானே தம்பி வச்சிருக்க, அதான் வரிசையா நிக்கிறோம்'னேன். லைன நிப்பாட்டிட்டாங்க. பாவம், அவன் மேலிடத்துக்கு ஃபோன் பண்ணி 'போஸ், டியா ஓராங் செமுவா மாவ் கெஞ்சிங்'னு சொல்றான். எல்லாருக்கும் ஒண்ணுக்கு வருதாம். சிரிச்சு சிரிச்சே எனக்கு இன்னும் அவசரமாயிருச்சு."

அடுத்த திங்கட்கிழமை அங்கே இரண்டு அட்டைகள் தொங்கின. அடுத்த வரிசை வீட்டுப் பெண் அதைச் சொல்வதற்கென்றே வீட்டுக்கு வந்தாள். நான் மகிழ வேண்டும் என்று இருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். முப்பத்தொரு பேருக்கு இரண்டு. ஏழு நிமிடமும் நோட்டும் அப்படியேதான் இருக்கின்றன. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது போத்தல் பாதியாகத் திரும்பி வருகிறது. அவள் அதை வாசலில் கொட்டுவதில்லை. நேரே மேசைமேல் கொண்டுவந்து வைக்கிறாள். வட்டங்கள் குறைந்திருக்கின்றன, நிற்கவில்லை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் கடிதத்தை எடுத்துப் பழைய தேதியை அடித்துப் புதியதை எழுதி, புதிய வட்டங்களைச் சேர்க்கிறேன். நேற்று அவள் பார்த்துவிட்டாள்.

"கிழிச்சிடாதீங்க" என்றாள். "டிசம்பர்ல புது கொந்த்ராக்ல கையெழுத்துப் போட்டதும், இதுல எம் பேர நானே எழுதுறேன். எங்க லைன்ல இன்னும் ரெண்டு பேரும் போடுறேன்னுட்டாங்க."

பெயர்களுக்காகக் கடிதத்தின் அடியில் முப்பத்தொரு வரி இடம் விட்டுக் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.