போப்பாண்டவர் ஏறிய படி

அபுதாபி மைதானத்தில் போப்பாண்டவர் பூசைக்கு மரப்படி செய்த தச்சன் நான். அவருடைய பூசைகளை நடத்தி வைக்கும் சாமியார் ரோமிலிருந்து முன்னதாகவே வந்து, உயரம் கூடுதல் என்று இரண்டு முறை பிரிக்க வைத்தார்.

"இவருக்கு அளக்கிறதுதான் ஜெபமா?" என்று ஃபோர்மேனிடம் திட்டினேன்.

மூன்றாம் முறை அவரே அங்கி மாட்டி, நொண்டி நொண்டி ஏறிப் பார்த்தார். போப்பாண்டவருக்கு முட்டி வலியாம். பல வருசமாகப் போகிற ஊரிலெல்லாம் இப்படித்தான் ஏறிப் பார்க்கிறாராம். திருப்தியானதும் என் கையில் பூசைக்கு ஒரு பாஸ் கொடுத்தார்.

அவர் போனதும் ஃபோர்மேன் அதைப் பிடுங்கினான். "உனக்கு டூட்டிடா. என் மச்சான் போவான்."

"சரிண்ணே" என்றேன்.

டூட்டி முடிந்து, நாங்கள் தங்கும் கேம்பில் பூசையைப் போனில் பார்த்தேன். போப்பாண்டவர் தடுமாறாமல் ஏறினார்.

நல்லவரைத் திட்டிய வாய், பிடுங்கியவனை அண்ணே என்றது. இன்னும் எரிகிறது.