கயிற்றை விடாத விரல்கள்

எங்கள் வீட்டு ஆண்களைக் கடல் ஜின் கூப்பிடுகிறது என்பது கண்டக்குழி முழுக்கத் தெரிந்த கதை. நானும் அதை நம்பித்தான் வாழ்ந்தேன், சகோதரிகளே.

கரைவலை இழுத்துக்கொண்டிருந்த வாப்பா நின்ற நிலையில் விழுந்து மௌத்தானார். நாற்பத்தொரு வயது. விரல்கள் கயிற்றை விடவில்லை. ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார்கள். சில வருடங்களில் என் நானாவும், என் கூடப்பிறந்த அண்ணன், அதே கரையில் கயிறும் கையுமாக விழுந்தார். இரண்டு தடவையும் மரண விசாரணைக்கு வந்தவரிடம் கெஞ்சி, மையித்தை வெட்ட விடாமல், அஸர் தொழுகைக்கு முன் அடக்கிவிட்டோம். அந்த நெஞ்சுகளுக்குள் என்ன இருந்தது என்று யாரும் பார்க்கவில்லை.

என் மகன் அஸாமைக் கரைப்பக்கமே விடவில்லை. கடலுக்குப் போகிறேன் என்று அழுதவனைப் புத்தளத்தில் கடை வேலைக்கு அனுப்பினேன். மகள் ருஷ்தாவைப் பற்றி ஒரு பயமும் இருக்கவில்லை. ஜின்னுக்கு ஆண்கள்தானே வேண்டும்!

"உம்மா, ஓடினா நெஞ்சுக்குள்ள ஏதோ துள்ளுது" என்று அவள் சொன்னாள்.

"காலையில தின்னாம போனா துள்ளாம என்ன செய்யும்?" என்று ஏசினேன். அந்த வாயை நானே அடித்துக்கொள்ள வேண்டும்.

ஷஃபான் மாதம், ஒரு வியாழக்கிழமை. பாடசாலை விளையாட்டுப் போட்டிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது பெண்பிள்ளைகள் கயிறிழுத்துக்கொண்டிருந்தார்கள். வரிசையின் கடைசியில் ருஷ்தா. கயிறும் கையுமாக அவளைக் கண்டதும் கத்திக்கொண்டே ஓடினேன்.

"விடு புள்ள, கயித்த விடு!"

அவள் விழுந்தாள். விரல்கள் கயிற்றை விடவில்லை.

அந்த மணலிலேயே ஸுஜூதில் விழுந்தேன். "யா அல்லாஹ், எங்கட ஆக்கள எடுக்கிறது என்னெண்டு எனக்குக் காட்டு. இவள என்கிட்ட திருப்பித் தா." டீச்சர் விடாமல் அவள் நெஞ்சை அமுக்கினார். அம்புலன்ஸ்காரர்கள் வந்து மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். அவள் முனகினாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எங்கள் குடும்பத்துச் சாவுகளைக் கேட்டுக் கேட்டு ஒரு தாளில் கட்டம் கட்டமாக வரைந்தார். வாப்பாவின் கட்டத்திலும் நானாவின் கட்டத்திலும் கோடு போட்டார்.

"இதயத் தசை தடிச்சுப்போற வருத்தம் அம்மா. பரம்பரையா வாறது. உங்கட வாப்பாட்ட இருந்து மகளுக்கு வந்திருக்குதெண்டா, நடுவுல நீங்க இருக்கீங்க."

ஸ்கேன் எடுக்க இருட்டறையில் என்னைப் படுக்க வைத்தார்கள். திரையில் சாம்பல் நிறத்தில் ஒன்று திறந்து திறந்து மூடியது. மகளின் நெஞ்சை ஸ்கேன் எடுத்தபோது பார்த்த அதே உருவம். காட்டு என்று கேட்டேன், அல்லாஹ் காட்டிவிட்டான். இத்தனை வருடம் கடலைப் பார்த்துக் காவல் இருந்தேன், அது எனக்குள்ளே இருந்திருக்கிறது. என் வயிற்றில் வைத்து நான்தான் அவளுக்குக் கொடுத்திருக்கிறேன். வாய்விட்டு அழுதேன்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பாம். எங்கள் மூன்று பேரின் இரத்தமும் கொழும்புக்குப் போய் முடிவு வந்தது. எனக்கும் ருஷ்தாவுக்கும் அதே மரபணுக் கோளாறு. அஸாமுக்கு இல்லை. கடலுக்குப் போக அழுத பிள்ளைக்கு ஒன்றுமே இல்லை!

இப்போது ருஷ்தாவின் தோளெலும்புக்குக் கீழே ஒரு சின்னக் கருவி இருக்கிறது. இதயம் தாளம் தப்பினால் அது அவளை எழுப்பும். நான் மருந்துக் குளிசை போடுகிறேன். அஸாம் கரைவலைக்குப் போகிறான். இன்னும் அவன் விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அல்ஹம்துலில்லாஹ்.

உங்கள் வீட்டில் யாராவது நின்ற நிலையில் விழுந்திருந்தால் அல்லாஹ்விடம் கேளுங்கள், அவன் காட்டுவான். அவன் காட்டுகிற இடத்துக்குப் பெண்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். என் நானாவின் மகள் இன்னும் சோதனைக்கு வரமாட்டேன் என்கிறாள். "எனக்கென்ன மாமி, அது ஆம்பிளைகளத்தானே எடுக்கும்" என்று சிரிக்கிறாள். அவளுக்காகவும் துஆச் செய்யுங்கள்.