ஆளில்லாத ஸ்டேசனில் தில்லையண்ணை

காலையில் லா சப்பலில் என் பயண முகவர் கடையின் ரிடோக் கதவைப் பாதி உயர்த்தியபோதே போன் அடித்தது. எடுத்தால் தில்லையண்ணை. யப்பானுக்கு நான்தான் அவருக்கு விமான ரிக்கெற் போட்டுக் கொடுத்திருந்தேன்.

"தம்பி, ரயிலாலை இறங்கீட்டன். இஞ்சை ஒரு குருவியும் இல்லை. ரிக்கெற்றை ஆரிட்டைக் காட்டுறது?"

"அது ஆளில்லாத ஸ்டேசன் அண்ணை. வாசல்லை ஒரு பெட்டி இருக்கும். அதுக்குள்ளை போட்டிட்டு வெளியிலை போங்கோ."

"போட்டாப் பிறகு ஆரும் மறிச்சால்? என்னட்டை என்ன அத்தாட்சி?"

லா கூர்னெவிலிருந்து இத்தனை வருடம் ரயிலில் வேலைக்குப் போய், ரிக்கெற் பரிசோதிக்கும் கொந்துறோலர்களிடம் தண்டம் கட்டி அடிபட்ட மனுசன். வெளியே போகும்வரை ரிக்கெற்றைக் கைவிடக் கூடாது என்பது இங்கே எங்கள் எல்லோருக்கும் ஊறிப்போன பழக்கம். எனக்குச் சிரிப்பு வந்தது.

"சரி, கையிலையே வச்சுக்கொண்டு போங்கோ. ஒருத்தரும் கேக்க மாட்டினம்."

பிறகு, "திரும்பிப் போற ரயில் எப்ப தம்பி?" என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மகள் யப்பான்காரனைக் கட்டிய நாளிலிருந்து அவர் அவளோடு பேசவில்லை. பேரன் பிறந்ததும் அவருடைய மனைவி முன்னதாகவே யப்பானுக்குப் போய்விட்டா. இவர் அவர்களுக்குச் சொல்லாமல் பின்னால் போயிருக்கிறார்.

"அங்கை நிக்கிற அக்காவுக்கு நான் போன் எடுத்துச் சொல்லட்டோ?"

"வேண்டாம். என்ரை பிள்ளை கதவைத் திறக்காட்டி?"

இதற்கு எந்தக் கம்பியூட்டரில் பார்த்துப் பதில் சொல்வது?

"சூட்கேசுக்குள்ளை என்ன கொண்டு போனனீங்கள்?"

"ரூ காய் தெருத் தமிழ்க்கடையிலை வாங்கின சரக்குத்தூள். பிள்ளை பெத்தவளுக்குக் கறி வைக்க."

"வேறை ஒண்டும் பேச வேண்டாம். சரக்குத்தூள் கொண்டு வந்தனான் எண்டு மட்டும் சொல்லுங்கோ. திறக்காட்டி எனக்குப் போன் எடுங்கோ, நான் கடையிலைதான் நிப்பன்."

அதன் பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. ரொறன்ரோவுக்கு விலை கேட்டவருக்குச் சென்னை விலையைச் சொன்னேன். "என்ன அண்ணை, நித்திரையோ?" என்று அவர் கடிந்துகொண்டார். போனை மேசையில் கண்ணுக்கு முன்னால் வைத்துக்கொண்டு இருந்தேன்.

மத்தியானம் சாப்பாட்டைப் பிரிக்கும்போது அடித்தது. பின்னால் கைக்குழந்தை ஒன்று வீரிட்டுக்கொண்டிருந்தது.

"தம்பி, நான் திரும்பிற நாளை மாத்தேலுமோ?"

"மாத்தேலாது அண்ணை. அது மலிவு ரிக்கெற்."

"அப்ப அதை விடும். புதுசா ஒண்டு போடும்."

"எப்பத்தைக்கு?"

அவர் யாரையோ கேட்டார். மகளின் குரல் போனுக்குக் கிட்ட வந்தது.

"அப்பாவும் அம்மாவோடையே திரும்பி வரட்டும், அங்கிள்."

அவளின் அம்மாவுக்கு நான் போட்டிருந்தது மூன்று மாத ரிக்கெற். சோறு ஆறிப்போனது, ஆனாலும் அன்றைக்கு நல்லாகவே இறங்கியது.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள் மலிவாக வேண்டும் என்று எவ்வளவு அடம் பிடித்தாலும், திகதி மாற்ற முடியாத ரிக்கெற்றை அவர்களுக்குப் போட்டுக் கொடுக்காதீர்கள்.