மச்சாளின் மூன்றாம் வருடம்

பல்கலைக்கழகத்தின் அனுமதி அலுவலகத்துக்கு போன் எடுத்தால், ஆள் வரும்வரை ஒரு பியானோ இசை ஓடிக்கொண்டிருக்கும். நிமிடத்துக்கு ஒருமுறை அது நிற்கும். ஒரு பெண்குரல் முதலில் பிரெஞ்சிலும் பிறகு ஆங்கிலத்திலும் எங்கள் பொறுமைக்கு நன்றி சொல்லும். மறுபடி பியானோ தொடங்கும். எனக்கு அப்போது பதினெட்டு வயது. வாசலில் என் சிநேகிதிகள் காரில் காத்திருந்தார்கள். எட்டு நிமிடம் பொறுத்தேனோ, ஒன்பது நிமிடமோ, இசை நடுவில் இருக்கும்போதே போனை வைத்துவிட்டு ஓடினேன். அன்று பின்னேரம் மச்சாள் வேலையால் வந்து, சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன்பே கேட்டார்: "கதைச்சனீரே? என்னவாம்?"

"ஓம், கதைச்சனான். அந்தக் கோர்ஸ் சரியாம்," என்றேன்.

மச்சாள் என்பது என் அண்ணையின் மனைவி. மொன்றியலின் புறநகரான ரொக்ஸ்பரோவில் ஒரே வீட்டில் இருந்தோம்: அண்ணை, மச்சாள், அவர்களுடைய மூன்று வயது மகள், நான். மன்னாரில் உயர்தரப் பரீட்சைக்கு உயிரியல் படித்து, கம்பஸுக்குப் போகும் அளவுக்குப் புள்ளி எடுத்தவர் மச்சாள். யுத்த இடப்பெயர்வில் அந்த வாய்ப்பு கைவிட்டுப் போயிற்று. பிறகு கலியாணம், பிறகு மொன்றியல். அண்ணை டோர்வல் விமான நிலையத்தில் பெட்டிகள் ஏற்றி இறக்கும் வேலையில் இருந்தார். மச்சாளுக்கும் அதே பக்கத்தில், விமானங்களுக்குச் சாப்பாடு தயாரிக்கும் ஒரு சமையல்கூடத்தில் காலை வேலை கிடைத்தது. சிறப்புச் சாப்பாட்டுத் தட்டுகள் அவருடைய பகுதி. நீரிழிவுக்காரருக்கு ஒரு நிறச் சீட்டு, உப்புக் குறைத்தவர்களுக்கு இன்னொரு நிறம் என்று ஒட்டி அனுப்ப வேண்டும். எந்தத் தட்டில் என்ன போகவேண்டும் என்ற பட்டியல் மாதாமாதம் மாறி வரும். அதன் அடியில் ஒரு கையெழுத்து இருக்கும். மற்றவர்கள் பட்டியலைப் பார்த்தார்கள். மச்சாள் கையெழுத்தைப் பார்த்தார். அது யாருடையது, அந்த ஆள் என்ன படித்தவர் என்று மேலாளரிடம் கேட்டார். டயட்டீஷியன் என்றார்கள். ஒரு கிழமைக்குள் எந்தப் பல்கலைக்கழகத்தில் அந்தப் படிப்பு இருக்கிறது, சேர்வதற்கு என்னென்ன வேண்டும் என்பதெல்லாம் எங்கள் சாப்பாட்டு மேசையில் அச்சடித்துக் கிடந்தது.

வேண்டியவை கொஞ்சமல்ல. கியூபெக்கில் பள்ளிக்கூடம் பதினோராம் ஆண்டோடு முடிந்துவிடும். அதன்பிறகு சீஜெப் என்ற கல்லூரியில் இரண்டு ஆண்டு படித்துத்தான் பல்கலைக்கழகத்துக்குப் போகலாம். மச்சாளின் ஊர்ச் சான்றிதழ்களை ஒரு பாதிக்கு ஏற்றுக்கொண்டார்கள். மீதியை, அதாவது இரண்டு உயிரியல் பாடங்கள், இரண்டு இரசாயனப் பாடங்கள், அவற்றுக்கு மேல் ஒரு ஓர்கானிக் கெமிஸ்ரி, ஒரு நுண்கணிதம் எல்லாவற்றையும் சீஜெப்பில் படித்து முடித்துவிட்டு வரச் சொன்னார்கள். ஒன்றை முடிக்காமல் மற்றதை எடுக்க முடியாது. சில பாடங்கள் மாரியில், அதாவது பனிக்கால செமெஸ்டரில், மட்டும்தான் நடக்கும். மச்சாள் ஒரு பெரிய தாளில் நான்கு கட்டங்கள் போட்டு, ஒவ்வொரு செமெஸ்டருக்கும் எது எது என்று பென்சிலால் எழுதினார். இரண்டு வருடம், பிறகு பல்கலைக்கழகம். எல்லாம் பொருந்தியது, ஒன்றைத் தவிர. அறிவியல் மாணவர்களுக்கான உயிரியல் வகுப்பு காலையில் மட்டுமே இருந்தது. பின்னேரத்தில் 'மனித உயிரியல்' என்று இன்னொரு வகுப்பு இருந்தது. அது அவருடைய வேலை நேரத்துக்குச் சரியாகப் பொருந்தியது. ஆனால் அதைப் பல்கலைக்கழகம் ஏற்குமா? அதைக் கேட்கத்தான் என்னை போன் எடுக்கச் சொன்னார். அலுவலகம் திறந்திருக்கும் நேரமெல்லாம் அவர் சமையல்கூடத்தில் நின்றார். அங்கே போனுக்கு அனுமதியில்லை. நானோ அதே சீஜெப்பில் சமூகவியல் படித்துக்கொண்டிருந்தேன். ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டும் எனக்கு ஓடும். வீட்டில் வரும் கடிதமெல்லாம் என் கையால்தான் போகும். அந்த ஒரு கேள்வியை என்னை நம்பித் தந்தார்.

மச்சாள் அந்த வகுப்பில் முதலாவதாக வந்தார். அதுதான் எனக்கு இன்னும் பொறுக்க முடியாதது. பெறுபேறு வந்த நாள் அவர் கணினித் திரையை அண்ணைக்குக் காட்டிச் சிரித்தபோது நானும் பக்கத்தில் நின்று சிரித்தேன். சரியாகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு பொய்யைக் கொஞ்ச நாள் தனியே விட்டால் அது உண்மைபோல ஆகிவிடும் என்று நம்பும் வயது அது.

இரண்டாம் வருடத்தின் மாரியில் விண்ணப்பித்தார். இளவேனிலில் கடிதம் வந்தது. மனித உயிரியல் ஏற்கத்தக்கதல்ல. அறிவியல் உயிரியல் இல்லாததால் அதற்கு அடுத்த பாடமும், அதோடு எடுக்கவேண்டிய ஓர்கானிக்கும் இல்லை. தகுதிப் பாடங்களை முடித்துவிட்டு அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கவும். அந்தத் துறையில் வருடத்துக்கு ஒருமுறைதான் ஆள் எடுப்பார்கள்.

அண்ணை துள்ளினார். "போனிலை சரி எண்டு சொன்ன மனுசி ஆர்? அவவின்ர பேரைக் கேட்டனியே?" என்று என்னைப் பார்த்தார்.

"இல்லை."

"பேர் கேக்காமல் ஆராவது போனை வைப்பினமே!"

மச்சாள் கடிதத்தை இரண்டுதரம் வாசித்தார். பிறகு, "நேரை போய்க் கதைப்பம். நீரும் வாரும்," என்றார்.

அதற்காக அவர் வேலையில் ஒரு நாள் லீவு எடுத்தார். ரொக்ஸ்பரோவிலிருந்து ரயிலில் நகரத்துக்குப் போனோம். போகும்போது தான் சொல்லப்போகும் ஆங்கில வாக்கியங்களை உதட்டுக்குள்ளே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார். அலுவலகத்தில் இருந்த பெண் நல்லவர். எல்லாப் பத்திரங்களையும் பொறுமையாகப் பார்த்தார். போனில் சரி என்று சொன்னார்களாம் என்று மச்சாள் சொன்னதும் அந்தப் பெண் தலையசைத்து, அப்படிச் சொல்லியிருக்க வழியில்லை, தங்கள் மேசையில் இருக்கும் தாளில் முதல் வரியே அதுதான் என்று ஒரு தாளை எடுத்து எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். எந்தெந்த உயிரியல் பாடங்கள் செல்லாது என்று அதில் தடித்த எழுத்தில் இருந்தது. மச்சாள் அதை வாசித்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

திரும்பி வரும் ரயில் நகரத்தைவிட்டுக் கிளம்பியதும் மலைக்கு அடியில் ஒரு நீண்ட சுரங்கத்துக்குள் போகும். யன்னல் முழுக்கக் கறுப்பாகிவிடும். கண்ணாடியில் எங்கள் இருவரின் முகமும் மட்டும் தெரியும். அதற்குள் வைத்துத்தான் சொன்னேன். "மச்சாள், நான் அண்டைக்குக் கதைக்கேல்லை. வெயிட் பண்ணச் சொன்னது, வைச்சிட்டன்."

அவர் உடனே திரும்பவில்லை. கண்ணாடியில் இருந்த என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "எவ்வளவு நேரம் வெயிட் பண்ணினனீர்?" என்று கேட்டார்.

"ஒரு எட்டு நிமிஷம்."

"எட்டு நிமிஷம்," என்று திருப்பிச் சொன்னார். "நான் ரெண்டு வருஷம் ஓடினனான், பிள்ளை."

ரயில் சுரங்கத்தைவிட்டு வெளியே வந்தது. பனி உருகிய சேறும், வீடுகளின் பின்பக்கங்களும், கயிறுகளில் உடுப்புகளும் ஓடின. அதன்பிறகு இரண்டு கிழமை, "சோறு இருக்கு", "பிள்ளையை கார்தெறியிலையிருந்து கூட்டிவாரும்" என்பதற்கு மேல் என்னோடு கதை இல்லை. கார்தெறி என்றால் இங்கே பகல்நேரப் பிள்ளைக் காப்பகம். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அண்ணைக்கு இன்றைக்குச் சொல்லுவார், நாளைக்குச் சொல்லுவார் என்று ஒவ்வொரு சாப்பாட்டு நேரமும் காத்திருந்தேன்.

அண்ணைக்கு வேறு யோசனை இருந்தது. "இது சரிவராது போலை. கார்தெறியிலை பிள்ளையள் பாக்கிற வேலைக்கு ஒரு வருஷக் கோர்ஸ் இருக்காம். அதைச் செய்யுமன்," என்றார் ஒருநாள்.

"அது நல்ல வேலை. ஆனால் எனக்கு அது வேண்டாம்," என்றார் மச்சாள். குரல் உயரவில்லை. "மூண்டு பாடம் முடிச்சிட்டன். மிச்சம் ரெண்டு பயோலொஜியும் ஓர்கானிக்கும்தான். ரெண்டு செமெஸ்டர். பிள்ளை பள்ளிக்கூடம் போக முதல் முடிச்சுப்போடுவன்."

அடுத்த நாள் காலை சமையல்கூடத்துக்குச் சுகமில்லை என்று சொல்லிவிட்டு வீட்டில் நின்றார். மேசையில் புதிய தாளொன்றை விரித்தார். போனை எடுத்து என் முன்னால் வைத்தார். "எடும். ஸ்பீக்கரிலை போடும். நான் பக்கத்திலை இருக்கிறன்."

அதே பியானோ. அதே பெண்குரல். மச்சாள் எனக்கு எதிரே இருந்து பயற்றங்காய் முறித்தார். முறித்து முடித்து, வெங்காயம் உரித்தார். முப்பத்தைந்து நிமிடம் கழித்து ஆள் வந்தது. நான் ஒவ்வொரு பாடத்தின் இலக்கத்தையும் வாசிக்க வாசிக்க, அந்தப் பக்கம் சரி என்று சொல்லச் சொல்ல, அவர் தாளில் ஒன்றொன்றாகச் சரி போட்டார். கடைசியில், "பேரைக் கேளும்," என்றார். கேட்டேன். அதையும் எழுதிக்கொண்டார்.

பாடங்கள் எல்லாம் காலையில் இருந்தன. சமையல்கூடத்தில் பின்னேர வேலை கேட்டார், இல்லை என்றார்கள். தன் பகுதிக்குப் பொறுப்பாளராக உயர்ந்திருந்த வேலையை விட்டுவிட்டு, சனி ஞாயிறுகளில் விமான நிலையம் துப்புரவாக்கும் வேலைக்குப் போனார். தேவாலயத்தில் ஞாயிறு பூசைக்குப் போக முடியாததுதான் அவருக்குப் பெரிய குறை. சனி மாலைப் பூசை இருக்கும் கோயிலொன்றைத் தேடிப் பிடித்தார். நான் என் பாடங்கள் முழுவதையும் பின்னேரத்துக்கு மாற்றினேன். காலையில் பிள்ளையை கார்தெறிக்குக் கொண்டுபோய் விடுவது என் வேலையாயிற்று. யாரும் கேட்கவில்லை. என் நேர அட்டவணையைக் கொண்டுபோய் அவருடையதற்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் இரண்டையும் ஒத்துப் பார்த்துவிட்டு, "வியாழன் பத்து மணிக்கு ஒரு இடைவெளி இருக்கு. சமாளிக்கலாம்," என்றார். அன்றுதான் என்னோடு பழையபடி பேசினார் என்று நினைக்கிறேன்.

மாரி செமெஸ்டரில் இன்னொரு முட்டுக்கட்டை வந்தது. இரண்டாம் உயிரியலும் ஓர்கானிக் கெமிஸ்ரியின் ஆய்வுகூட வகுப்பும் புதன்கிழமை ஒரு மணித்தியாலம் மோதிக்கொண்டன. வேறு பிரிவில் ஆய்வுகூடம் இருந்தது, ஆனால் இடமில்லை. துறைப் பொறுப்பாளர் கையை விரித்தார். யாராவது விலகினால் பார்க்கலாம் என்றார். யாராவது விலகினால் எப்போது தெரியும் என்று மச்சாள் கேட்டார். முதல் கிழமையில்தான் என்றார் அவர். முதல் கிழமை முழுவதும் வகுப்பில்லாத நேரமெல்லாம் அந்த அலுவலகத்துக்கு வெளியே கிடந்த வாங்கில் போய் இருந்தார் மச்சாள், குளிர் உடுப்போடு, மடியில் புத்தகத்தோடு. பதினெட்டு வயதுப் பிள்ளைகள் அவரை யாரோ ஒரு மாணவரின் தாய் என்று நினைத்துக்கொண்டு கடந்து போனார்கள். நான்காம் நாள் பொறுப்பாளர் கதவைத் திறந்து, ஒரு பையன் பாடத்தை விட்டுவிட்டான் என்றார். அவர் அதைச் சொல்லி முடிக்கும்போதே மச்சாள் நிரப்பிய படிவத்தை நீட்டினார்.

அந்த மாதங்களில் எங்கள் மேசையில் சோற்றுக் கோப்பைகளுக்கு நடுவில் பந்தும் குச்சியுமாக மூலக்கூறு மாதிரிகள் நின்றன. ஊரில் சேதன இரசாயனம் என்று தமிழில் படித்ததை மச்சாள் ஆங்கிலத்துக்கு மாற்றி மாற்றிப் படித்தார். சில நேரம் தமிழில் கணக்குப் போட்டு ஆங்கிலத்தில் விடை எழுதினார். பிள்ளை சிவப்புப் பந்துகளை எல்லாம் எடுத்து ஒளித்து வைத்துவிடுவாள். "என்ர ஒட்சிசன் எங்கை?" என்று மச்சாள் கட்டிலுக்குக் கீழே குனிந்து தேடுவது வீட்டில் வழக்கமான காட்சி.

அடுத்த இளவேனிலில் கடிதம் வந்தபோது வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன். உறையைப் பிரிக்கவில்லை. அவர் வந்து, கை கழுவி, துடைத்து, தானே பிரித்தார். வாசித்துவிட்டு என்னிடம் தந்தார். "வாசியும். எல்லா வரியையும்," என்றார். நான் உரத்து வாசித்தேன். அனுமதிக்கப்பட்டிருக்கிறீர்கள் என்ற சொல் வந்த வரியை இரண்டுதரம் வாசித்தேன். அவர் அழவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு நெடுநேரம் இருந்தார்.

இப்போது மச்சாள் ஒரு மருத்துவமனையில் டயட்டீஷியன். வேலைக்குச் சேர்ந்தே பல வருடமாகிவிட்டது. பிள்ளை பல்கலைக்கழகம் முடித்துவிட்டாள். அண்ணைக்கு மட்டும் ஒரு பழக்கம் போகவில்லை. யார் வந்தாலும் மனைவியின் கதையைப் பெருமையாகச் சொல்லுவார். சொல்லும்போதெல்லாம் போனில் பிழையாகச் சொன்ன அந்த மனுசியைத் திட்டாமல் முடிக்கமாட்டார். ஒவ்வொரு தடவையும் நான் தேத்தண்ணி போட உள்ளே போய்விடுவேன்.

போன கோடையில் அவர்கள் வீட்டுப் பின்வளவில் சாப்பாடு. சென்னையிலிருந்து புதிதாக வந்த ஒரு பெண்ணும் வந்திருந்தாள். கணவனுக்கு இங்கே கணினி வேலை. அவளுக்குத் திரும்பப் படிக்க ஆசை. "உங்களுக்கு சீஜெப் முடிக்க எவ்வளவு நாள் ஆச்சுங்க?" என்று மச்சாளைக் கேட்டாள்.

"மூண்டு வருஷம்," என்றார் மச்சாள்.

"ரெண்டிலை முடிஞ்சிருக்கும். கம்பஸிலை ஒரு மனுசி…" என்று அண்ணை வழக்கம்போலத் தொடங்கினார்.

இந்த முறை நான் எழும்பவில்லை. "அப்பிடி ஒரு மனுசி இல்லை, அண்ணை," என்றேன். "நான் போனை வைச்சிட்டன். ஒருத்தரோடையும் கதைக்கேல்லை. அந்த வருஷம் என்னாலைதான் போனது."

அண்ணை கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார், மச்சாளைப் பார்த்தார். "உமக்குத் தெரியுமே?"

"ஓம்."

"எப்ப தொடக்கம்?"

"கடிதம் வந்த கிழமையே."

"ஏன் எனக்கு ஒரு சொல் சொல்லேல்லை? இவ்வளவு வருஷமா இல்லாத ஒரு மனுசியைத் திட்டிக்கொண்டு திரியிறன்!"

"சொல்லியிருந்தால் இவவைப் பேசி, அழவைச்சு, வீட்டாலை அனுப்பியிருப்பியள்," என்றார் மச்சாள். கரண்டியால் சோற்றைக் கிளறிக்கொண்டே சொன்னார். "எனக்கு அடுத்த செமெஸ்டருக்கு ஆள் வேணுமாயிருந்தது."